நீலமாகாத தாள்

ஜூன் 3

அண்ணிக்கு,

புத்தகப் பெட்டி வந்து சேர்ந்தது. நான்கு மூலையிலும் துணி திணித்துக் கட்டியிருந்தீர்கள். ஒரு அட்டைகூட மடங்கவில்லை. நன்றி.

நம் லேபை விட்டு இந்தக் கல்லூரி வேலைக்கு வந்த பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அன்றைக்குப் பேசியதைத் திரும்பப் பேசுவதற்காக எழுதவில்லை. தொலைபேசியில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் ரிசீவரை வைத்துவிடுகிறோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அது எனக்கும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். "உன் டெஸ்ட் பேப்பர் இப்பல்லாம் நீலமே ஆகறதில்ல தெரியுமா? உங்க அண்ணி கை பட்டதும் அதுவே பயந்து வெள்ளையாயிடுச்சு" என்றார். நானும் சிரித்து வைத்தேன். ரிசீவரை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

உங்களுக்குத் தெரியாததை எழுதவில்லை. எனக்கே ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். வினை முடிந்ததும் கலவையில் மிஞ்சியிருக்கும் பெராக்சைடுதான் நம் தலைவலி. ஈதரை ஊற்றிக் குலுக்கினால் நம் வாசனைச் சரக்கு ஈதரில் ஏறிக்கொள்கிறது. அடியில் குழாய் வைத்த ஃபனலில் கீழே தங்கும் தண்ணீரைத் திறந்துவிட்டு, மேலே நிற்கும் ஈதர் அடுக்கைச் சல்ஃபைட் கரைசலால் கழுவுகிறோம். பெராக்சைடைக் கொல்வது அந்த ஒரு கழுவல்தான், மற்றவை எல்லாம் சுத்தத்துக்கு. அது அரைகுறையாக நடந்திருந்தால் அதில் நனைக்கும் டெஸ்ட் தாள் நீலமாகிக் காட்டிக்கொடுக்கும், மறுபடி கழுவுவோம். காட்டிக்கொடுக்காமல் போனால்? அந்த ஈதரை ரோட்டாவில் ஏற்றி, குடுவையைச் சூட்டில் சுழற்றி ஆவியாக்கும்போது ஈதர் போய்விடும், பெராக்சைடு போகாது. அடியில் கெட்டியாகிக்கொண்டே வரும். அது வெடிக்கக் காரணம் தேடாத பொருள். ஒரு தட்டு போதும்.

நான் இருந்தவரை அவ்வப்போது தாள் நீலமாகத்தான் செய்தது. நீங்கள் பேட்சை இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். நீலம் கூடியிருக்க வேண்டும். எப்படி ஒரேயடியாக இல்லாமல் போகும்? எதையாவது மாற்றினீர்களா?

அண்ணனுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?


ஜூன் 10

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தில் நலம் விசாரிப்பு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கடைசியில் உன் அண்ணன் முதுகுக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது. அண்ணிக்கு எந்த வலியும் வராது போலிருக்கிறது. பெட்டிக்கு நன்றி, அதற்கப்புறம் நேராக விசாரணைக் கமிஷன்!

நான் எதையும் கெடுக்கவில்லை, அம்மா. கழுவலை ஒருமுறைக்கு இருமுறையாக்கினேன். உலர்த்தும் உப்பையும் நீ போடுவது போலக் கிள்ளிப் போடாமல் அள்ளிப் போடுகிறேன். குடுவையைச் சுழற்றினால் உப்பு கட்டி தட்டாமல் மணல் மாதிரி உதிரியாக ஓடுகிறது. ஒரு சொட்டு ஈரம் இருக்காது. வடிகட்டி எடுத்தால் ஈதர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. நீ இருந்தபோது எப்போதும் லேசாகக் கலங்கித்தான் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? "போதும் அண்ணி, மிச்சத்தை ரோட்டா பார்த்துக்கும்" என்பாய்.

வேலையாட்கள் முன்னால் நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை. "அந்தம்மாவுக்கு வேகம் மட்டும்தான் தெரியும்." பெரிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு வந்தவள் நான். அங்கே என்னை யாரும் அந்தம்மா என்று சொன்னதில்லை.

புது ரோட்டா வந்துவிட்டது. தண்ணீர்க்குடம் அளவுக்குக் குடுவை. உன் அண்ணன் அதற்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அது சுற்றுவதைக் குழந்தை ராட்டினம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புது ஃபனலும் பெரிது. ஒருத்தியால் தூக்க முடியாது. நானும், குடுவை கழுவுகிற நம் கண்ணாடிக்காரரும் இருபுறமும் பிடித்து மெல்ல ஆட்டுகிறோம்.

உன் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. கேட்டுவிடாதே, நானே சொல்லிவிடுகிறேன்.


ஜூன் 15

அண்ணிக்கு,

அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்கள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று உறுத்துகிறது. ஃபனலை இருவர் பிடித்து மெல்ல ஆட்டுகிறீர்கள் என்றால் அது தொட்டில் ஆட்டுவது. இரண்டு அடுக்கும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளுத்துப்போகும்படி குலுக்கினால்தான் சல்ஃபைட் ஈதருக்குள் இருப்பதைப் பிடிக்கும். நீங்கள் சொல்வது போல இருமுறை என்ன, பத்து முறை ஆட்டினாலும் மேலடுக்கு மேலேயே நிற்கும், கீழடுக்கு கீழேயே நிற்கும். அப்படிக் கழுவியதற்குத் தாள் கட்டாயம் நீலமாகியிருக்க வேண்டும்.

நேற்று அண்ணனிடம் பேசினேன். காலியான குடுவையின் கழுத்தில் வெள்ளையாக ஏதோ படிகிறதாம். கரண்டியால் சுரண்டி எடுக்கிறாராம். "சுரண்டும்போது சின்னதா ஒரு சத்தம், கடுகு பொரியிற மாதிரி. நல்லாத்தான் இருக்கு கேக்க" என்கிறார். நல்லாத்தான் இருக்காம். நான் கத்திவிட்டேன். "நீ எல்லாத்துக்கும் பயப்படுவ" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். கரண்டியை முதலில் பிடுங்கி வையுங்கள். பிறகு எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். தாளை எந்தக் கட்டத்தில் நனைக்கிறீர்கள்?


ஜூன் 21

நாத்தனாருக்கு,

கரண்டியை எடுத்து ஒளித்து வைத்தேன். மறுநாள் மர ஸ்பூன் ஒன்றோடு வந்து நிற்கிறார். "உன் நாத்தனார் இரும்புக் கரண்டியத்தானே வேண்டாம்னா?" என்று கேட்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சொல்.

தாளைப் பற்றிக் கேட்டாய். ஒளிக்க என்ன இருக்கிறது? நீ ஃபனலில் இருக்கும்போதே, தண்ணீர் சொட்டச் சொட்ட அடுக்கில் நனைப்பாய். அதற்குப் பிறகு உப்பு போட்டு உலர்த்தல், வடிகட்டல், வேறு குடுவைக்கு மாற்றல் என்று எவ்வளவு நடக்கிறது! எங்கள் தொழிற்சாலையில் முதல் பாடமே அடுத்த பாத்திரத்துக்குள் எது போகிறதோ அதைத்தான் சோதிக்க வேண்டும் என்பது. வழியில் இருப்பதைச் சோதித்து என்ன பயன்? அதனால் நான் கடைசியில் நனைக்கிறேன். உலர்த்தி, வடிகட்டி, ரோட்டாவில் ஏற்றுவதற்கு முந்தைய நிமிடம். கண்ணாடிக்காரரை நம்பாமல் நானே பார்க்கிறேன். தாள் எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளையாக இருக்கிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். நீ கவனக்குறைவு என்று நினைத்தால் அது என்னிடம் இல்லை. உன்னைவிட ஒரு படி கூடுதலாகத்தான் செய்கிறேன்.

உனக்குச் சந்தேகப் பிராணி என்று உன் அண்ணன் பேர் வைத்தது சும்மா இல்லை. வெள்ளையாக இருந்தாலும் சந்தேகம், நீலமாக இருந்தாலும் சந்தேகம்.

இன்னொன்று. வாசனைத் திரவியக் கம்பெனி அவசரப்படுத்துகிறது. இதுவரை ஒவ்வொரு பேட்சிலும் பிடித்து வைத்த மிச்ச ஈதரை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, வருகிற வெள்ளிக்கிழமை ஒரே தடவையில் ரோட்டாவில் இறக்கப்போகிறோம். உன் அண்ணனே உட்கார்ந்து கடைசிவரை வற்ற வைக்கப்போகிறார். அது முடிந்தால் அவருக்கு ஒரு வாரம் ஓய்வு என்று சொல்லியிருக்கிறேன்.

கோபம் தணிந்தால் வந்து போ.


ஜூன் 25

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை இரவுப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்களை மூன்று முறை கூப்பிட்டேன். இரண்டு முறை என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். பிறகு ரிசீவரையே எடுத்துக் கீழே வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். லேபில் கூப்பிட்டால் கண்ணாடிக்காரர் "சார் வேலையா இருக்காரு" என்கிறார். கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் எங்கள் கல்லூரி ஸ்டோரில் வெகுநாள் திறந்து கிடந்த ஈதரை எடுத்தேன். அது கெட்டது என்று எனக்குத் தெரியும். அதைத் தண்ணீரோடு குலுக்கி, ஈரமாகவே தாளை நனைத்தேன். நீலம். அதே ஈதரில் உலர்த்தும் உப்பை அள்ளிப் போட்டேன், நீங்கள் போடுவது போல. வடிகட்டினேன். கண்ணாடி மாதிரி நின்றது. புதுத் தாளை நனைத்தேன். வெள்ளை. காத்திருந்தேன். வெள்ளையாகவே இருந்தது. ஈதர் காய்ந்ததும் அந்தத் தாளின் மேல், மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அப்படி ஒருமுறை மூச்சு விட்டேன். என் கண் முன்னாலேயே நீலம் ஏறியது.

தாளில் இருக்கும் மருந்து வேலை செய்யக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். முன்பெல்லாம் அடுக்கில் இருந்த ஈரமே அந்த வேலையைச் செய்தது. அதனால் நாம் யாரும் அதை யோசித்ததில்லை. நீங்கள் அடுக்கை ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலர்த்திவிட்டுச் சோதிக்கிறீர்கள். தாள் வெள்ளையாக இருப்பது பெராக்சைடு இல்லை என்பதால் அல்ல. தாளுக்குக் கண் தெரியவில்லை என்பதால்.

என்னை நம்ப வேண்டாம். நான் யாரையும் அப்படிக் கேட்பதில்லை, உங்களையும் கேட்கவில்லை. ஒரு தாளை நனைத்து, காயவிட்டு, அதன் மேல் மூச்சு விட்டுப் பாருங்கள். அதுவரை எதையும் ரோட்டாவில் ஏற்றாதீர்கள். ஏற்றியிருந்தால் யாரும் அதைத் தொட வேண்டாம், சுரண்ட வேண்டாம், தூக்க வேண்டாம். அண்ணனை வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.


ஜூன் 28

நாத்தனாருக்கு,

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், நீ தேட வேண்டாம் என்று.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஓட்டுநர் கடிதத்தைக் கையில் கொடுத்தார். "ரொம்ப அவசரம்னு சொல்லச் சொன்னாங்க" என்றார். உனக்கு எல்லாமே அவசரம் என்று நினைத்துக்கொண்டு கைப்பையில் போட்டேன். சாப்பாட்டு வேளை வரை பிரிக்கவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும்.

படித்து முடித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. தாளின் மேல் மூச்சு விடுவதாம். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ரோட்டாவில் ஏற்றியது போக மீதி இருந்த ஈதரில் ஒரு தாளை நனைத்தேன். வெள்ளை. காய்ந்ததும் மூச்சு விட்டேன். மை கொட்டியது போல ஆயிற்று. நீலமில்லை, கறுப்பு.

அடுத்த அறையில் ரோட்டா சுற்றிக்கொண்டிருந்தது. குடுவையில் முக்கால்வாசி வற்றிவிட்டது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மர ஸ்பூனைத் துணியில் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். நான் கத்தியிருந்தால் என்ன செய்திருப்பார், உனக்குத் தெரியும். "எங்க, பாப்போம்" என்று குடுவையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்திருப்பார். அதனால் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"ஏங்க, வெளிய உங்களைத் தேடி ஆள் வந்திருக்கு."

"யாரு? உக்காரச் சொல்லு. இன்னும் கொஞ்சம்தான்."

"உக்கார மாட்டாங்களாம்."

"இன்ஸ்பெக்டரா?"

"அத விட மோசம். உங்க தங்கச்சி."

ஸ்பூனைப் போட்டுவிட்டு ஓடினார். முதுகுவலிக்காரர் ஓடினதை நீ பார்த்திருக்க வேண்டும். தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறார். "எங்க அவ? எங்க?" நான் அதற்குள் கண்ணாடிக்காரரையும் மற்ற ஆட்களையும் வெளியே தள்ளி, வாசல் பக்கத்து மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டேன். தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "பாதியில நிறுத்திட்டியே, நான் போய் மூடி மட்டும் போட்டுட்டு வந்துடறேன்" என்றார். சட்டையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பொத்தான் தெறித்தது. தீயணைப்பு வண்டி வரும் வரை விடவில்லை. தெருவே பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை.

வெடிமருந்து எடுப்பவர்கள் நேற்று வந்து குடுவையைப் பொட்டலுக்குக் கொண்டுபோய் அங்கேயே வெடிக்க வைத்தார்கள். அவ்வளவு தொலைவில் வெடித்தது, எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. அவர் அதிலிருந்து மர ஸ்பூனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

உன்னைத் தொலைபேசியில் கூப்பிடவில்லையே என்று நினைக்காதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.


ஜூலை 1

அண்ணிக்கு,

சட்டையைப் பிடித்தது சரி. நான் அங்கே இருந்தாலும் அவர் எனக்கு நின்றிருக்க மாட்டார். நான் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு நிம்மதியாக ஒரு வகுப்பு எடுத்தேன். வகுப்பின் நடுவில்தான் உறைத்தது. பேட்சை இரட்டிப்பாக்கியதிலிருந்து அனுப்பிய சரக்கு எல்லாம் அதே உலர்ந்த அடுக்கிலிருந்து வந்ததுதானே? எல்லாம் வெள்ளைத் தாளை நம்பி பாட்டிலில் அடைத்தவை. அவை இப்போது அந்தக் கம்பெனியின் கிடங்கில், அலமாரியில், யாரோ ஒருவர் கை நீட்டி எடுக்கும் உயரத்தில் இருக்கின்றன.

உடனே கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கிடங்குக்காரர் கூப்பிட்டாராம். பாட்டில் மூடிகளைச் சுற்றி உப்புப் பூத்தது போல இருக்கிறது, திறக்க வரவில்லை, என்ன சரக்கு அனுப்பினீர்கள் என்று சண்டை. "தொடாதீங்கன்னு சொல்லிட்டேன். நான் பாத்துக்கறேன்" என்றார். வெடிமருந்துக்காரர்களிடம் சொன்னீர்களா என்றேன். சொல்லிவிட்டாராம், வர இரண்டு மூன்று நாள் ஆகுமாம். "நான் பாத்துக்கறேன்" என்று மறுபடி சொன்னார். உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். நீங்கள் தூங்குகிறீர்கள் என்றார்.

நீங்கள் பகலில் தூங்குகிறவர் இல்லை. அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று நம் இருவருக்கும் தெரியும். தான் செய்ததை இன்னொருவர் தொடக் கூடாது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூடியில் பூத்திருப்பதும் அதே பெராக்சைடுதான், அது குலுங்கக் கூடாது. அந்தப் பாட்டில்களை வண்டியில் ஏற்றவே கூடாது. அவரைப் போக விடாதீர்கள். வண்டிச் சாவியை உங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

இதையும் ஓட்டுநரிடம்தான் கொடுக்கிறேன், அண்ணன் கையில் சிக்காமல் உங்களுக்குச் சேரட்டும் என்று. விடுப்புக் கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் வருகிறேன்.


ஜூலை 2

நாத்தனாருக்கு,

உன் கல்லூரிக்குக் கூப்பிட்டேன். காலைப் பேருந்தில் கிளம்பிவிட்டாய் என்றார்கள். அதனால் இதைக் கதவு இடுக்கில் செருகி வைக்கிறேன். வந்ததும் முதலில் பார்ப்பாய்.

உன் கடிதம் வந்தபோது காலை வெயில் ஏறிவிட்டது. அவர் விடியும்போதே போய்விட்டார். அன்றைக்குச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். இன்றைக்கு, இத்தனை நாளில் முதல் தடவையாக, அசந்து தூங்கிவிட்டேன். வண்டிச் சத்தம் கேட்கக் கூடாது என்று தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். கண்ணாடிக்காரர் பார்த்திருக்கிறார். "நானும் வரேன் சார்னேன். உனக்குக் குழந்தைங்க இருக்கு, வீட்டுக்குப் போடான்னுட்டார்" என்று அழுகிறார்.

கிடங்குக்குக் கூப்பிட்டேன். கிடங்குக்காரர் ரொம்பச் சந்தோஷமாகப் பேசினார். "சார் வந்து மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாருங்க. ஒவ்வொண்ணையும் துணியில சுத்தி, குழந்தையத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போனார். எங்க ஆளுங்கள கிட்டயே விடல. நல்ல மனுஷன்." எப்போது கிளம்பினார் என்றேன். கிளம்பி வெகுநேரம் ஆகிவிட்டதாம். போலீசுக்கும் தீயணைப்புக்கும் சொல்லிவிட்டேன். எந்த ரோடு என்று கேட்கிறார்கள். எனக்கு எந்த ரோடு என்று எப்படித் தெரியும்?

ஆனால் எங்கே கொண்டுவருவார் என்று தெரியும். குடுவையை வெடிக்க வைத்த பொட்டல்தான். அங்கே போக ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்தத் தண்டவாளத்துப் பள்ளம் உனக்கும் தெரியும், சைக்கிளில் போனாலே பல் ஆடும். அதற்கு இந்தப் பக்கத்திலேயே அவரை நிறுத்தி, இறங்கி நடந்து வரச் சொல்ல வேண்டும். நான் அங்கே போய் நிற்கப்போகிறேன். கேட் கீப்பரிடம் கெஞ்சி, ரயில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்டை மூடியே வைக்கச் சொல்லப்போகிறேன்.

நீ இதைப் படித்ததும் கேட்டுக்கு வா. வராதே என்றால் கேட்கவா போகிறாய்? ஆனால் கேட்டுக்கு முன்னால் இருக்கும் டீக்கடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடு. உன்னைப் பார்த்தால் அவர் கையை ஆட்டுவார், வண்டியில் இருந்தபடியே கதை பேச ஆரம்பிப்பார். என்ன சொன்னாலும் கிட்டே போகாதே. அவரிடம் நான் போகிறேன். இந்த ஒரு தடவை அண்ணி சொல்வதைக் கேள்.